கலருக்கு ஒரு காலி அறை

ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காது என்று சொன்னவர்கள் அந்த வீட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். அண்ணனும் தம்பியும் கட்டிக்கொண்டு வந்த இரண்டு பெண்கள். ஒரே மேசை, ஒரே விளக்கு, ஒரே படம். மூத்தவள் கோடு போடுவாள், இளையவள் வண்ணம் தீட்டுவாள். ஓரகத்திகள் ஒற்றுமையாக இருந்தால் உறவுக்காரர்களுக்குத் தூக்கம் வருமா? "எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான், பாருங்க" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டு காத்திருந்தார்கள். காத்திருந்து காத்திருந்து அவர்களுக்கு நரை விழுந்ததுதான் மிச்சம்.

இரண்டு பேருக்கும் பெயர் வைத்தது அச்சகக்காரர். போன் போட்டால், "கோடு அம்மா இருக்காங்களா? இல்லையா? சரி, கலர் அம்மாகிட்ட குடுங்க" என்பார். அந்தப் பெயர் வீட்டுக்குள்ளும் ஒட்டிக்கொண்டது. மாமியார் மட்டும் கோபம் வரும்போது சேர்த்துச் சொல்வார்: "கோட்டுக்கு ஒரு வாய், கலருக்கு ஒரு வாய். இந்த வீட்டுல எனக்குத்தான் வாயே இல்ல." அவருக்கு வாய் இல்லை என்பதைக் கேட்டு எதிர்வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். அந்த அளவுக்குச் சத்தமாகச் சொல்வார்.

இது தொடங்கியதே ஒரு கேலியில்தான். இளையவள் கல்யாணமாகி வந்த புதிதில், மூத்தவள் ஒரு சிறுவர் புத்தகத்துக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தாள். கோடு என்றால் அவள் கை பேசும். ஒரு கோட்டில் கிழவனைத் தும்ம வைப்பாள், இன்னொரு கோட்டில் கழுதையை வெட்கப்பட வைப்பாள். வண்ணத்தைத் தொட்டால் மட்டும் எல்லாம் சேறாகிவிடும். புது மருமகள் எட்டிப் பார்த்தாள். தெரியாத்தனமாகக் கேட்டாள்: "இந்தப் பையனுக்குக் காமாலையா அக்கா?"

மூத்தவள் முறைக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். தூரிகையை நீட்டினாள். "வைத்தியம் தெரிஞ்சவ மாதிரி பேசுறியே, நீயே குணமாக்கு பாப்போம்." இளையவள் அதுவரை வண்ணம் தீட்டியது பள்ளிக்கூடத்து நிலப்படங்களுக்கு மட்டும். கடல் நீலம், மலை காவி. ஆனாலும் பையன் ஒரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். அன்று மாற்றி உட்கார்ந்தவர்கள்தான், அப்புறம் மாறவே இல்லை. இளையவள் பல சமயம் நினைத்துக்கொள்வாள்: வேறு ஒருத்தியாக இருந்தால் அந்தக் கேள்விக்கு ஆயுசுக்கும் பேசாமல் இருந்திருப்பாள். தனக்கு வாய்த்தவள் தூரிகையைக் கொடுத்தாள்.

அவர்கள் வேலையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. மூத்தவள் வரைந்த மூலப்படத்தை இளையவள் தொடமாட்டாள். ஈரக் கை, வண்ணக் கை. எது எப்போது சொட்டும் என்று யாருக்குத் தெரியும்? மூலம் நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போகும், தடித்த தாளில் நகல் வரும், மூலம் அலமாரிக்குள் போய்விடும். நகலில்தான் வண்ணம். ஒன்று பாழானால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்.

வேலை தேடிப் போகும்போது மட்டும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தரையில் பரப்புவார்கள். வாடிக்கையாளர்கள் கடிதத்தில் போர்ட்ஃபோலியோ என்று எழுதுவார்கள். வீட்டில் அதற்கு ஃபைல் என்று பெயர். ஃபைல் சேர்ப்பதில் மூத்தவளை மிஞ்ச ஆள் கிடையாது. படங்களைப் பார்ப்பதற்கு முன்னால், பார்க்கப் போகிறவர் யார் என்று யோசிப்பாள். பிஸ்கட் கம்பெனிக்கு என்றால் கன்னம் உப்பிய குழந்தைகள் முன்வரிசைக்கு வருவார்கள். பாடப்புத்தகக் குழுவுக்கு என்றால் தலை வாராதவன் ஒருவனும் உள்ளே வரமுடியாது. காப்பீட்டு நிறுவனத்தின் காலண்டருக்குப் போன ஃபைலில் வானத்தில் ஒரு மேகம் கூடக் கிடையாது. "மழை பெய்யும்னு நாமளே அவங்களுக்கு ஞாபகப்படுத்துவானேன்" என்றாள்.

இளையவளுக்கு ஒரு பலவீனம் இருந்தது. அவள் தீட்டியதிலேயே அழகானது, ஆற்றுப் பாலத்தின் மேல் ஒரு மாலை நேரம். யாருக்கு ஃபைல் சேர்த்தாலும் அதை நைசாக நடுவில் செருகப் பார்ப்பாள். மூத்தவள் அதை உருவி வெளியே வைப்பாள். "பல் டாக்டர்கிட்ட போய்க் கால் ஆணியைக் காட்டுவாங்களாடி? கால் ஆணி எவ்வளவு அழகா இருந்தா என்ன?"

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குத்தான் திடீரென்று ஒரு சக்கரம் கழன்றது. மூத்தவளின் கணவருக்கு மாற்றல் வந்தது. ஒரு இரவு முழுக்க ரயிலில் உட்கார வேண்டிய தூரம். மாதம் முடிவதற்குள் குடும்பத்தோடு கிளம்பியாக வேண்டும்.

கொஞ்ச நாள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசாமல் இருந்தால் மாற்றல் ரத்தாகிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ. பிறகு ஒரு காலையில் மூத்தவள்தான் அலமாரியைத் திறந்தாள். "தூரத்துல இருந்துக்கிட்டு ஒரே படத்தை ரெண்டு பேரும் போட முடியாது. அவசர வேலைக்கு யாரு காத்திருப்பாங்க? ஆளுக்கு ஒரு ஃபைல் பண்ணிக்குவோம். நீ தனியா வேலை தேடணும், நானும் தேடணும்."

படங்கள் தரையில் பரந்தன. மாமியார் வாசற்படியில் நின்று பார்த்தார். "சொத்தைப் பிரிங்கன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்ட மருமகளுங்களைப் பார்த்திருக்கேன். படத்தைப் பிரிக்க உக்காந்து மூக்கைச் சிந்துற மருமகளுங்களை இப்பத்தான் பாக்குறேன்" என்றார். சொல்லிவிட்டு அவரும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

பிரிக்க உட்கார்ந்தபோதுதான் சங்கடம் தெரிந்தது. மூத்தவளின் பங்கு பிரச்சினையே இல்லை. மூலப்படங்கள் எல்லாம் அவள் கோடு மட்டும்தான்; கடைத்தெரு, கப்பல், சர்க்கஸ் கூடாரம், திருடனைத் துரத்தும் ஒரு முழு ஊர். அடுக்கி வைத்தால் ஃபைல் தயார். இளையவளின் பங்கு? வண்ணம் தீட்டிய ஒவ்வொரு தாளிலும் மூத்தவளின் கோடு இருந்தது. பார்க்கிறவர்கள் முதலில் தும்முகிற கிழவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவன் சட்டையின் பச்சை எப்படி வந்தது என்று யாராவது கேட்பார்களா?

இளையவளின் கணவர் நல்ல மனிதர்தான். நேரம் பார்த்துப் பேசத் தெரியாதவர். "அப்போ உன்னோடதுன்னு தனியா எதுவுமே இல்லையா?" என்று கேட்டுவிட்டார்.

அவளே அதைத்தான் ராத்திரியும் பகலும் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அண்ணன் மருந்துக்கடை வைத்திருந்தார். கல்லாவில் பில் போட ஆள் வேண்டும் என்று ஏற்கனவே சொல்லி வைத்திருந்தார். தனியாக வேலை எதுவும் அமையாவிட்டால் தூரிகைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அங்கே போய் உட்கார வேண்டியதுதான். மருந்துக்கடை மோசமான இடம் இல்லை. அங்கே எல்லா மாத்திரைக்கும் யாரோ ஏற்கனவே வண்ணம் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் அச்சகக்காரர் ஒரு தகவல் சொன்னார். கார்ட்டூன் படம் எடுக்கும் கம்பெனி ஒன்று, பின்னணிக் காட்சிகளுக்கு வண்ணம் தீட்ட ஒருவரைத் தேடுகிறது. நிரந்தர வேலை. ஒரே ஒரு இடம். ஃபைலோடு நேரில் வர வேண்டும். விண்ணப்பிப்பவரின் சொந்த வேலை மட்டுமே அதில் இருக்க வேண்டும்.

சொந்த வேலை மட்டும். இளையவள் அந்த இடத்தில் மருந்துக்கடையை நினைத்துக்கொண்டாள். மூத்தவளோ துள்ளி எழுந்தாள். "இதுக்கு வழி இருக்குடி! நான் ஒரே ஒரு படம் வரைஞ்சு தர்றேன். அதையே நிறைய நகல் எடுத்துக்க. ஒவ்வொண்ணுக்கும் வேற வேற மாதிரி கலர் பண்ணு. கோடு எல்லாத்துலயும் ஒண்ணுதான், மாறவே மாறாது. மாறுறது பூரா உன்னோடது. உன் பங்கு எதுன்னு சின்னக் குழந்தை கூடச் சொல்லிடும்."

இளையவள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோமே என்று இருந்தது. "ரயில்வே ஸ்டேஷன் வரைங்கக்கா. கூட்டம், மூட்டை, புகை எல்லாம் இருக்கட்டும். இல்லைன்னா ஒரு துறைமுகம்."

"என்ன வரையணும்னு எனக்குத் தெரியும். நீ போய் வேலையைப் பாரு."

வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள், சணல் கயிறு, பழைய செய்தித்தாள். அந்த அமளிக்கு நடுவில் மூத்தவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வரைந்தாள். சட்டி பானைகளை மாமியார்தான் கட்டினார். நாள் ஆக ஆக, உள்ளே ஒரு துறைமுகமே உருவாகிக்கொண்டிருக்கிறது என்று இளையவள் நம்பினாள். எந்த நீலத்தில் தொடங்குவது என்று கூட முடிவு செய்துவிட்டாள்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மூத்தவள் நகல்களைக் கொண்டு வந்து மேசையில் வைத்தாள். மூலத்தை அட்டை உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தாள். இளையவள் முதல் நகலை எடுத்தாள்.

ஒரு அறை. அதில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். சுவரில் ஒரு ஆணி, ஆணியில் எதுவும் தொங்கவில்லை. வேறு ஒன்றும் இல்லை. இளையவள் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்.

"மீதி எங்கக்கா?"

"மீதி என்ன மீதி? இவ்வளவுதான்."

"இவ்வளவுதானா? உங்க ஃபைல்ல கப்பல் இருக்கு, சர்க்கஸ் இருக்கு, ஊரே ஓடுது. எனக்கு மட்டும் ஒரு காலி ரூமா?"

"உனக்கு இது போதும்."

அந்த 'போதும்' சுருக்கென்று தைத்தது. வேண்டாத வார்த்தைகள் வரிசை கட்டி வந்தன. "போதும்னு சொல்ல நீங்க யாரு? நல்லதை எல்லாம் வழிச்சு எடுத்துக்கிட்டு, எனக்குச் சட்டியைக் கழுவி வச்சுட்டுப் போறீங்க. தனியாப் போனா நான் உங்களை மிஞ்சிடுவேன்னு பயமா?"

மூத்தவளின் முகம் சின்னதாகிவிட்டது. "சுவர் இருந்தாத்தானே சித்திரம். சுவரைக் குடுத்திருக்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

"பழமொழி எனக்கும் தெரியும்" என்றாள் இளையவள்.

ராத்திரி அவள் கணவர் சமாதானம் செய்வதாக நினைத்துக்கொண்டு, "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்னாளாம்" என்று ஆரம்பித்தார். அவருக்கு அன்று சாப்பாட்டைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும்படி ஆயிற்று.

மறுநாள் சாமான் வண்டி வந்தது. மூத்தவள் வண்டியில் ஏறும்போது திரும்பிப் பார்த்தாள். "ஃபைல்ல மூலத்தை முதல்ல வை. அப்பத்தான் உனக்கு என்ன குடுத்தாங்க, நீ என்ன பண்ணினன்னு பாக்குறவங்களுக்குத் தெரியும். மறந்துடாத." இளையவள் "ம்" என்றாள். இத்தனை வருஷம் ஒரே விளக்கின் கீழ் உட்கார்ந்ததற்கு அவள் சொன்ன விடை அந்த ஒரு 'ம்'தான். வண்டி திரும்பியபோது அவளுக்கு அழுகை வந்தது. கோபம் அதை வெளியே விடவில்லை.

கோபத்தோடுதான் மேசையில் உட்கார்ந்தாள். காலியாகக் கொடுத்தால் நிரப்பத் தெரியாதா எனக்கு என்று, முதல் நகலில் சுவர் முழுக்கப் பூப்பூவாக அடித்தாள். கட்டிலுக்கு ஒரு சிவப்பு, நாற்காலிக்கு ஒரு பச்சை. எழுந்து நின்று பார்த்தாள். பொம்மைக்குப் பவுடர் பூசியது போல இருந்தது. கிழித்துப் போட்டாள்.

இரண்டாவது நகலில் ஒன்றும் செய்யாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இந்த அறையில் யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லை. சரி, இப்போதுதான் யார் எழுந்து போனது? காய்ச்சலில் கிடந்த ஒரு குழந்தை என்று தோன்றியது. மத்தியான வெயிலை ஜன்னலில் கனமான மஞ்சளாக வைத்தாள். கட்டில் விரிப்பில் லேசாகப் பச்சை ஏற்றினாள், கசங்கின இடத்தில் கொஞ்சம் சாம்பல். அறையில் மருந்து வாடை அடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. அவளே கொஞ்சம் பயந்துவிட்டாள்.

அதன் பிறகு கோபம் ஒரு பக்கம் கிடக்க, கை அது பாட்டுக்கு ஓடியது. யாரோ வரப்போகிறார்கள் என்று விடியும் முன்னே எழுந்துவிட்ட ஒருவரின் அறை. சுவரின் கீழ்ப்பாதி நீலம், மேல்பாதியில் இப்போதுதான் ஏறும் ரோஜா நிறம். மழை விட்ட சாயங்காலம். தரையில் ஜன்னலின் பிம்பம் மட்டும் பளபளத்தது. தெருவிளக்கு ஒன்றை நம்பியிருக்கும் இரவு. பரீட்சை முடிந்த முதல் நாள். இன்னொன்றில் ஆணியைச் சுற்றி ஒரு செவ்வகத்தை மட்டும் மற்ற சுவரை விட வெளுப்பாக விட்டாள். அங்கே பல வருஷம் ஒரு படம் மாட்டியிருந்தது என்றும், சமீபத்தில்தான் கழற்றினார்கள் என்றும் யாருக்கும் புரியும். ஒரு கோடு கூடப் போடாமல் அதைச் சொல்ல முடிந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஒரு நகலில், சண்டை நடந்து முடிந்த அறையைத் தீட்டினாள். எல்லாம் மங்கின ஊதா. நாற்காலியின் முதுகில் மட்டும் ஒரு சிவப்பு. அது யார் உட்கார்ந்து எழுந்த நாற்காலி என்று அவளுக்குத் தெரியும். அதை முடித்துவிட்டு, போன் செய்யலாமா என்று யோசித்தாள். போனை எடுத்தாள், வைத்துவிட்டாள். வீம்பு லேசில் விடுமா?

ஃபைலை முதல் தடவையாகத் தானே சேர்த்தாள். தரையில் பரப்பி, பார்க்கப் போகிறவர் யார் என்று யோசித்தாள். கதை சொல்கிறவர்கள், ஆகவே காலையில் தொடங்கி இரவில் முடிக்கலாம், சண்டைக்கு அடுத்து மழையை வைக்கலாம். ஆற்றுப் பாலத்து மாலையைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பல் டாக்டர், கால் ஆணி. சிரித்துக்கொண்டே வெளியே வைத்துவிட்டாள். கடைசியாக அட்டை உறையிலிருந்து மூலத்தை ஓரங்களில் மட்டும் பிடித்து எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஃபைலின் முதல் பிளாஸ்டிக் உறையில் செருகினாள். சொன்னதைச் செய்தாயிற்று. பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே.

கார்ட்டூன் கம்பெனியின் அறை நீளமாக இருந்தது. பாதி ஜன்னல்களைத் திரை போட்டு மூடியிருந்தார்கள். திரைகளுக்குப் பக்கத்தில் ஆட்கள் கணினிகளுக்குள் தலையை விட்டிருந்தார்கள். இயக்குநர் அம்மாள் நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். மூக்கின் மேல் ஒரு கண்ணாடி, தலையின் மேல் இன்னொன்று. வேறு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு மீசைக்காரர், படங்களைத் திரையில் ஏற்றும் பொறுப்பில் இருப்பவர். மேசையில் ஏற்கனவே பார்த்து முடித்த ஃபைல்கள் மலை போல இருந்தன. மேலே இருந்ததில் ஒரு முழு ரயில்வே ஸ்டேஷன் தெரிந்தது, கூட்டம், மூட்டை, புகையோடு. இளையவள் தன் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"பரப்பி வையுங்க" என்றார் இயக்குநர் அம்மாள்.

அவள் மூலத்தை உறையோடு ஓரமாக வைத்துவிட்டு, தீட்டிய தாள்களை வரிசையாக வைத்தாள். மீசைக்காரர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார், திரும்பி வந்தார். "எத்தனை ரூம் இது? எல்லாம் ஒரே வீடா?"

"ஒரே ரூம்தான் சார்."

"ஒரே ரூமா? இது பெரிய ரூம், இது சின்ன ரூமு. இதுல கூரை தாழ்வா இருக்கே."

"இருட்டா கலர் பண்ணினா தாழ்ந்த மாதிரி தெரியும் சார்."

அவர் நம்பவில்லை. இரண்டு தாள்களை எடுத்து ஒன்றின் மேல் ஒன்று வைத்து, திரை போடாத ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். கட்டில் மேல் கட்டில், ஆணி மேல் ஆணி, இம்மி பிசகாமல் பொருந்தின. "அடேயப்பா" என்றார். கணினிகளுக்குள் இருந்த தலைகள் வெளியே வந்தன. நாலைந்து பேர் வந்து மேசையைச் சுற்றி நின்றார்கள். ஒரு பெண் காய்ச்சல் அறையைப் பார்த்துவிட்டு, "எனக்கு அம்மை போட்டப்போ இப்படித்தான் இருந்துச்சு" என்று மெதுவாகச் சொன்னாள்.

இயக்குநர் அம்மாள் ஒவ்வொரு தாளின் முன்னாலும் நின்றார். கடைசியில் கேட்டார்: "கோடு யாரு போட்டது?"

வந்தது வினை என்று நினைத்தாள் இளையவள். பொய் சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அந்தக் கோட்டைத் தன்னுடையது என்று சொல்ல நாக்கு எழவில்லை. "என் ஓரகத்தி, மேடம். கலர் மட்டும்தான் என்னுது. சொந்த வேலை மட்டும்னு போட்டிருந்தீங்க. என்னுதுன்னு பிரிச்சா இவ்வளவுதான் வருது."

"கலருக்குத்தானே ஆள் கேட்டோம்? இதுல கோட்டை நம்பி நீங்க எதுவும் பண்ணலையே. அதுக்குத்தான் கேட்டேன்." அவர் ஓரமாக இருந்த உறையிலிருந்து மூலத்தை எடுத்தார். தலையிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார், இன்னும் சாய்த்தார். "இவங்களுக்கு ரொம்ப அழுத்தமான கையோ?"

"ஆமா மேடம். பென்சில் முனை உடைஞ்சுக்கிட்டே இருக்கும்."

"இங்க வாங்க. பக்கவாட்டுல இருந்து பாருங்க."

இளையவள் குனிந்து பார்த்தாள். முதலில் வெறும் தாள்தான் தெரிந்தது. பிறகு வெளிச்சம் பள்ளங்களில் விழுந்தது. பென்சிலை அழித்த பிறகும் தாளில் பதிந்து நின்ற தடங்கள்.

நாற்காலியில் ஒரு ஆள் தூங்கிக்கொண்டிருந்தார். பருத்த ஆள். தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்து, வாய் லேசாகத் திறந்து, ஒரு காலில் மட்டும் செருப்போடு. ஆணியில் ஒரு மேல்கோட்டு தொங்கியது. அதன் ஒவ்வொரு மடிப்பும் இருந்தது. கட்டிலுக்கடியில் பூட்டுப் போட்ட பெட்டி. ஜன்னலுக்கு வெளியே கூரைகள், கம்பிகள், கம்பியில் உட்கார இடம் தேடும் பறவைகள், தூரத்தில் ஒரு பெண் துணி உலர்த்துகிறாள். மூத்தவள் அதுவரை வரைந்ததிலேயே சிறந்த படம் அது. முழுசாக வரைந்து முடித்து, பிறகு கட்டில், நாற்காலி, ஜன்னல், ஆணி, இவற்றுக்கு மட்டும் மை போட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அழித்திருக்கிறாள்.

"இந்த ஆளை அழிக்க எப்படித்தான் மனசு வந்துச்சோ" என்றார் இயக்குநர் அம்மாள்.

இளையவளுக்குக் கண் மறைத்தது. கண்ணீர் மூலப்படத்தில் விழுந்துவிடப் போகிறதே என்று பின்னால் நகர்ந்தாள். சட்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறீர்கள் என்று யாரிடம் சொன்னோம்! தன் வாயைத் தானே பிடித்து இழுத்துக் கிள்ள வேண்டும் போல இருந்தது. அதே நேரம் நெஞ்சு நிறைந்து வழிந்தது. தனக்காக ஒருத்தி இப்படிச் செய்வாள் என்றால், தான் என்ன புண்ணியம் செய்தோம் என்று இருந்தது.

இயக்குநர் அம்மாள் அவள் அழுது முடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "திங்கக்கிழமை வந்துடுங்க. மற்ற ஃபைலை எல்லாம் பார்த்தாச்சு. எல்லாருக்கும் நல்ல கோடு. கலரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்துச்சு."

பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு போன் போட்டாள். எடுத்ததுமே மறுபக்கம் ஒரே கேள்வி: "கிடைச்சுதா?"

"கிடைச்சிடுச்சுக்கா. திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க."

மூத்தவள் கத்திய கத்தலில் பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். சண்டை நடந்த சுவடே அந்தக் குரலில் இல்லை. யாரையோ கூப்பிட்டு, "நம்ம கலருக்கு வேலை கிடைச்சிடுச்சுங்க" என்று சொல்வது கேட்டது. சத்தம் அடங்கும்வரை இளையவள் காத்திருந்தாள்.

"அக்கா, நாற்காலியில தூங்கினாரே, அவர் யாரு?"

மறுபக்கம் குரல் இறங்கியது. "நல்லா அழிச்சேனே."

"உங்க கை அழுத்தத்துக்கு எந்த ரப்பர் தாங்கும்? ஜன்னல்ல சாய்ச்சுப் பிடிச்சு எல்லாத்தையும் பார்த்தாங்க. நானும் பார்த்தேன். யாருக்கா அவர்?"

"யாரோ. பஸ்ல பார்த்த ஆளு. பாவம், நல்லா வந்திருந்தாரு" என்றாள் மூத்தவள். "வெறும் ரூம்தான் வரையணும்னு உக்காந்தேன்டி. என் கைக்குக் காலி ரூம் வரவே இல்ல. அது பாட்டுக்கு ஒரு ஆளைப் போட்டுடுச்சு, அப்புறம் மேல்கோட்டு, அப்புறம் பறவை. முழுசா வரைஞ்சு பார்த்தாத்தான் எதை எல்லாம் எடுக்கணும்னு எனக்கே தெரிஞ்சுது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் என்னென்ன பேசிட்டேன்!"

"சொன்னா விட்டிருப்பியா? 'இருக்கட்டும்க்கா, அழகா இருக்காரு'ன்னு கையைப் பிடிச்சிருப்ப. அவர் சட்டைக்கு என்ன பச்சைன்னு யோசிக்க ஆரம்பிச்சிருப்ப. அவர் அங்க உக்காந்திருந்தா எல்லாரும் அவரைத்தான்டி பாப்பாங்க. உன்னை யாரு பாப்பா?"

பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது, மூடியது, போய்விட்டது. இளையவள் ஏறவில்லை.

அந்த வீட்டில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொள்ளும் வழக்கம் கிடையாது. நன்றி என்பது வாடிக்கையாளர்களுக்கு எழுதும் கடிதத்தில் கடைசி வரி. சொந்தத்துக்குள் சொன்னால் அந்நியப்படுத்துகிற மாதிரி இருக்கும். அவளும் இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. தூரிகையை நீட்டிய அன்றும் சொல்லவில்லை. இப்போது தெருவில், நாலு பேருக்கு நடுவில், சத்தமாகச் சொன்னாள்.

"ரொம்ப நன்றிக்கா."

"என்னடி இது, பிஸ்கட் கம்பெனிக்குக் கடிதம் எழுதுற மாதிரி?"

"எழுதுற மாதிரியே இருக்கட்டும். நான் சொல்லிட்டேன். நீங்க கேட்டுக்குங்க."

மறுபக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. "சரி, கேட்டுக்கிட்டேன்" என்றாள் மூத்தவள். "இன்னொரு தடவை சொல்லு."